கூலியும் வேடமும்: லோகேஷ் கனகராஜ் படங்கள் குறித்த ரசிகர் விவாதம் – ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைத் தொழிற்பகுதியிலிருந்து ஒரு வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

இயக்குநர் லோகேஷ் கனகராஜின் திரைவாழ்க்கை குறித்தும் அவர் அடுத்து எடுக்க வேண்டிய படங்கள் குறித்தும் ரசிகர்களிடையே தொடர்ந்து விவாதம் நிகழ்ந்து வருகிறது. ‘லியோ’ (2023), ‘கூலி’ (2025) ஆகிய படங்களுக்குப் பின் இவ்விவாதம் வலுப்பெற்றது. ‘கைதி’யின் காலத்திற்கு இயக்குநர் திரும்ப வேண்டும் என்னும் கோரிக்கை அதன் மையமாக உள்ளது. இக்கோரிக்கையைப் பழைய படத்தின் மீதான ஏக்கமாகக் கருதுவது வழக்கம். அது உழைப்பு திரையில் பெறும் இடத்தைப் பற்றிய மதிப்பீடு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தமிழ்நாடு – கருநாடக எல்லையில் அமைந்த ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியை வாசிப்புக்குரிய நிலைக்களமாகக் கொண்டு, லோகேஷின் படங்களும் அண்டை மாநிலத்துக் ‘கே.ஜி.எஃப்.’ படங்களும் ஒப்புநோக்கப்படுகின்றன. விவாதம் இதுவரை எழுப்பாத ஒரு கேள்வியும் இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: லோகேஷ் கனகராஜ், ரசிகர் விவாதம், சண்டைப்படம், உழைப்பு, வேடம், ஓசூர், எல்லைப்பகுதி, கே.ஜி.எஃப்.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட ரசிகர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நடிகரை மையமிட்டே அமைந்துள்ளன. எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பம் எளிய மக்களிடம் பெற்ற செல்வாக்கை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். மதுரை நகர எளிய மக்களின் திரைப்பட ஈடுபாட்டையும் ரசிகர் மன்றச் செயல்பாடுகளையும் சாரா டிக்கி 1993இல் வெளியான தம் ஆய்வில் விரித்துரைத்தார். தெலுங்குச் சூழலில் சிரஞ்சீவியை முன்வைத்து எஸ்.வி. சீனிவாஸ் செய்த ஆய்வும் இவ்வழியில் வருவதே. இவற்றில் ரசிகர் என்பவர் ஒரு நடிகரின் ரசிகர்.

கடந்த பத்தாண்டுகளில் இந்நிலையில் மாற்றம் தோன்றியுள்ளது. ஒரு இயக்குநரின் பெயரால் ரசிகர்கள் ஒன்றுகூடுவதும், அவருடைய படங்களை வரிசைப்படுத்தி ஏற்ற இறக்கங்களைக் கணக்கிடுவதும், அவர் அடுத்து எவருடன் எந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்று வாதிடுவதும் இயல்பாகியுள்ளன. பாலசந்தர், பாரதிராஜா, மணிரத்னம் முதலிய இயக்குநர்களுக்கும் தனி ரசிகர்கள் இருந்தனர். எனினும், சண்டைப்படம் எடுக்கும் இயக்குநர் ஒருவருக்கு, இன்னும் எடுக்கப்படாத படங்களை முன்னிட்டே இத்துணை விரிவான விவாதம் எழுவது புதிது. அவ்விவாதம் எதைப் பற்றியது என்பதே இக்கட்டுரையின் வினா.

இது களஆய்வுக் கட்டுரை அன்று. பொதுவெளியில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் நிலைப்பாடுகளையும் படப்பனுவல்களையும், ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் உழைப்புச் சூழலில் வைத்து வாசிக்கும் திறனாய்வு முயற்சியாகும்.

1. விவாதத்தின் வடிவம்

கோவை மாவட்டம் கிணத்துக்கடவைச் சேர்ந்த லோகேஷ் கனகராஜ், வங்கிப் பணியிலிருந்து திரைத்துறைக்கு வந்தவர். ‘மாநகரம்’ (2017), ‘கைதி’ (2019), ‘மாஸ்டர்’ (2021), ‘விக்ரம்’ (2022), ‘லியோ’ (2023), ‘கூலி’ (2025) என ஆறு முழுநீளப் படங்களை இயக்கியுள்ளார். ‘கைதி’யில் வரும் காவல் அதிகாரி பிஜாய் ‘விக்ர’மில் மீண்டும் தோன்றியதும், ‘விக்ர’மின் கதை ‘கைதி’யின் போதைப்பொருள் கதையோடு பிணைக்கப்பட்டதும், தனித்தனிப் படங்களை ஒரே கதையுலகின் பகுதிகளாகக் காணும் வாசிப்புக்கு வழிவகுத்தன. இக்கதையுலகிற்கு இயக்குநரின் பெயரைச் சூட்டியவர்கள் ரசிகர்களே. இயக்குநர் அதனைப் பின்னர் ஏற்றுக்கொண்டார். பெயரிடும் உரிமை பார்வையாளரிடமிருந்து படைப்பாளருக்குச் சென்ற இந்நிகழ்வு கருதத்தக்கது. பெயரிட்டவர் அக்கதையுலகின் மீது உரிமை பாராட்டுவதும் இயல்பே.

ரசிகர்கள் படைப்பை நுகர்வதோடு அமையாது அதனைத் தம் தேவைக்கேற்ப மறுஆக்கம் செய்கின்றனர் என்னும் கருத்தை ஹென்றி ஜென்கின்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சி ரசிகர்களை முன்வைத்து 1992இல் விளக்கினார். லோகேஷின் ரசிகர்கள் செய்வது மறுஆக்கம் என்பதைவிடக் கணக்கெழுதுதல் என்பதே பொருந்தும். எந்தப் பாத்திரம் எந்தப் படத்தில் எங்கு விடப்பட்டது, எந்த முடிச்சு இன்னும் அவிழ்க்கப்படவில்லை, எந்த வாக்குறுதி நிலுவையில் உள்ளது என்று அவர்கள் பதிந்துகொண்டே வருகின்றனர். பத்துப் படங்களுக்குப் பின் இயக்கத்திலிருந்து விலகுவதாக லோகேஷ் 2023இல் கூறியமை இக்கணக்கிற்கு ஓர் இறுதி எல்லையையும் வகுத்தது. ஆறு படங்கள் முடிந்த நிலையில் எஞ்சியவை நான்கு. அந்த நான்கில் ‘கைதி’யின் இரண்டாம் பாகத்திற்கும் ‘விக்ர’மில் சூர்யா ஏற்ற ரோலக்ஸ் பாத்திரத்திற்கும் இடமுண்டா, அல்லது அவை பெருநடிகர் படங்களுக்கே செலவாகுமா என்பது விவாதத்தின் முதன்மைக் கேள்வி. அருண் மாதேஸ்வரன் இயக்கும் படத்தில் லோகேஷ் நாயகனாக நடிப்பதாக வந்த அறிவிப்பு இக்கேள்வியை மேலும் கூர்மையாக்கியது.

விவாதத்தில் மூன்று நிலைப்பாடுகள் தெளிவாகத் தென்படுகின்றன. பெருநடிகரின் புகழ்ச்சுமை இயக்குநரின் எழுத்தைச் சிதைத்தது என்பது முதலாவது. கதையுலகக் கட்டுமானமே சுமையாகி, ஒவ்வொரு படமும் அடுத்த படத்திற்கான விளம்பரமாயிற்று என்பது இரண்டாவது. இயக்குநர் சொல்லாதவற்றை ரசிகர்களே எதிர்பார்த்து ஏமாந்தனர் என்பது மூன்றாவது. ‘கூலி’ வெளிவருமுன் அது காலப்பயணக் கதை என்று பரவிய ஊகங்கள் மூன்றாம் நிலைப்பாட்டிற்குச் சான்றாகின்றன. மூன்றும் ஓரளவு உண்மையே. ஆயினும், பெருநடிகரையும் கதையுலகையும் ஒருங்கே கொண்ட ‘விக்ரம்’ பெரிதும் ஏற்கப்பட்டது ஏன் என்பதற்கும், கதையுலகைச் சேராத ‘கூலி’ ஏன் மிகுந்த ஏமாற்றத்தை அளித்தது என்பதற்கும் இவை தனித்தோ சேர்ந்தோ விடையளிப்பதில்லை. அவ்விடையைத் தேட, விவாதத்தை உழைப்பு கண்முன் நிற்கும் ஒரு நிலப்பகுதியில் வைத்துக் காண்பது பயன்தரும்.

2. எல்லைத் தொழிற்பகுதி என்னும் வாசிப்புநிலை

தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004இல் பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடமேற்கில் ஓசூர் அமைந்துள்ளது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்குத் தோன்றியபின், இருசக்கர வண்டி, கனரக வாகனம், கைக்கடிகாரம் எனப் பல தொழில்கள் வேரூன்றின. டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவற்றின் ஆலைகள் ஊரின் அடையாளமாயின. அண்மையில் மின்சார வண்டி ஆலையும் கைப்பேசி உதிரிபாக ஆலையும் மாவட்டத்தின் பிற பகுதிகளுக்கும் தொழிலைக் கொண்டு சென்றுள்ளன. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் இவ்வூரில் இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் மாநிலத் தொழிலாளரின் மொழிகளும் கேட்கின்றன. சூசூவாடி சோதனைச் சாவடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. அங்கிருந்து பெங்களூருவின் தொழில்வட்டாரங்கள் தொடங்கிவிடுகின்றன.

இந்த எல்லை திரைப்படம் பார்க்கும் முறையையும் தீர்மானிக்கிறது. 2023 சனவரியில் ‘துணிவு’ படத்தின் முதல்நாள் கொண்டாட்டத்தில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தபின், தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ‘லியோ’, ‘கூலி’ ஆகிய இரண்டும் தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கே தொடங்கின. கருநாடகத்தில் அதற்கு முன்பே காட்சிகள் தொடங்கிவிட்டன. ஓசூரில் வாழ்பவருக்கு அந்த வேறுபாடு சில கிலோமீட்டர்த் தொலைவே. எதிர்த்திசைப் பயணமும் உண்டு. 2025 சூனில், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் கூறியதால் எழுந்த எதிர்ப்பில் ‘தக் லைஃப்’ கருநாடகத்தில் வெளியாகவில்லை. பெங்களூருவில் வாழும் ரசிகருக்கு அப்படத்தைத் திரையரங்கில் காண மிக அருகிலிருந்த தமிழ்நாட்டு நகரம் ஓசூரே. 2018இல் ‘காலா’ வெளியீட்டின்போதும் காவிரிச் சிக்கலை முன்னிட்டுக் கருநாடகத்தில் தடை முயற்சி எழுந்தது. ஆக, இப்பகுதியின் ரசிகர் இரு மாநிலத் திரைச்சந்தைகளின் விதிகளையும் பூசல்களையும் தம் அன்றாடத்தில் அறிந்தவர்.

ரஜினிகாந்தின் மூதாதையர் ஊரான நாச்சிக்குப்பம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. இம்மாவட்டத்து வேர்கொண்டு, பெங்களூருவில் பேருந்து நடத்துநராக இருந்து, சென்னையில் நடிகரானவர் அவர். எல்லை கடந்து பிழைக்கும் உழைப்பாளரின் வழித்தடமே அவருடைய தொடக்கக் கதை. அவர் ‘கூலி’ என்ற பெயரில் நடிக்கும் படம் இம்மண்ணில் எத்தகைய பொருளைப் பெறும் என்பதை இப்பின்னணியிலேயே எண்ணிப்பார்க்க வேண்டும்.

3. உழைப்பே நிகழ்ச்சியாகும் படங்கள்

‘மாநகர’த்தில் சண்டைக்குக் காரணமாவது வேலை. சிற்றூரிலிருந்து சென்னைக்கு வேலை தேடி வரும் இளைஞன் ஆள்மாறாட்டத்தில் தாக்கப்பட்டுச் சான்றிதழ்களை இழக்கிறான். சான்றிதழ் இல்லையேல் வேலை இல்லை. நோயுற்ற மகனுடன் நகருக்கு வந்து வாடகைக் கார் ஓட்டத் தொடங்கும் பாத்திரத்தில் சார்லி நடித்துள்ளார். வழி தெரியாத ஊரில் வண்டி ஓட்டுவது என்னும் தொழில்நெருக்கடியே அவரைக் கதையின் இடர்களுக்குள் தள்ளுகிறது. பாத்திரங்கள் ஒருவரையொருவர் சந்திப்பது அவரவர் பணியின் பாதையில்தான்.

‘கைதி’ இம்முறையை ஓரிரவுக்குள் செறிவாக்குகிறது. பத்தாண்டுச் சிறைவாசம் முடித்த டில்லி தன் மகளை முதன்முறை காணச் செல்கிறான். நஞ்சு கலந்த மதுவால் மயங்கிய காவலர்களை லாரியில் ஏற்றி மருத்துவமனை சேர்க்கும் வேலை அவன்மேல் சுமத்தப்படுகிறது. அவன் வாதாடுகிறான், நிபந்தனை வைக்கிறான், வண்டியை எடுக்குமுன் வயிறார உண்கிறான். பலராலும் வியந்து பேசப்பட்ட அந்த உணவுக்காட்சி நகைச்சுவைக்காக மட்டும் அமைந்ததன்று. இரவு முழுதும் உடலைச் செலவிடப்போகும் ஒருவன் முதலில் உண்கிறான் என்ற எளிய உண்மை அதில் உள்ளது. பின்வரும் சண்டைகள் பலவும் ஓட்டுநர் இருக்கையைச் சுற்றியே நிகழ்கின்றன. வண்டி நிற்கக்கூடாது, பாதை மாறக்கூடாது, சுமை சேதமடையக்கூடாது. சண்டையின் இலக்கணம் லாரி ஓட்டும் தொழிலிலிருந்தே பெறப்படுகிறது.

மறுபுறத்தில், திருச்சிக் காவல் ஆணையர் அலுவலகத்தில் அன்றுதான் வந்துசேர்ந்த காவலர் நெப்போலியன், மாணவர் சிலருடன் கட்டடத்தைக் காக்கிறார். அவரிடம் மறைந்திருக்கும் ஆற்றல் எதுவுமில்லை. தம் பணியை விட்டு ஓடாததே அவருடைய வீரம். பாடலும் காதலியும் இல்லாமை ‘கைதி’யின் புதுமையாகப் பேசப்பட்டது. நாயகனுக்குத் தன் வேலைக்கு வெளியே சண்டைக்கான தனிக் களம் இல்லை என்பது அதைவிட ஆழ்ந்த புதுமை.

சென்னை, பெங்களூரு நெடுஞ்சாலைகள் கூடுமிடம் கிருஷ்ணகிரி. இரவு முழுதும் சரக்கு லாரிகள் ஓயாத நிலம் அது. மூன்று பணிமுறைகளில் இயங்கும் ஆலைகள் சூழ்ந்த ஊர் ஓசூர். உறங்காத இரவு அங்கே சாகசத்திற்குரிய நேரமன்று, பணிக்குரிய நேரம். ‘கைதி’யின் இரவை அந்நிலம் தன் இரவாக அடையாளம் காண்பதற்குத் தனி விளக்கம் வேண்டுவதில்லை.

4. உழைப்பு வேடமாகும் படங்கள்

‘விக்ர’மில் பெரிதும் கொண்டாடப்பட்ட காட்சிகளுள் ஒன்று, வீட்டுப் பணிப்பெண் தன்னை ரகசியப் படையைச் சேர்ந்தவராக வெளிப்படுத்தும் காட்சி. வசந்தி ஏற்ற அப்பாத்திரத்தை ரசிகர்கள் ஏஜெண்ட் டீனா என்றே நினைவுகூர்கின்றனர். காட்சியின் ஆற்றல் மறுக்கற்பாலதன்று. ஆயினும் அதன் உட்பொருள் நோக்கத்தக்கது. பணிப்பெண் பணிப்பெண்ணாக இருக்கும்வரை கதைக்குப் புறத்தே நிற்கிறார். பணி ஒரு வேடம் என்று தெரிந்த கணத்தில்தான் கைதட்டல் பெறுகிறார். நெப்போலியன் தம் பணியில் நின்றதால் வீரரானார். டீனா தம் பணியிலிருந்து வெளியேறியதால் வீரராகிறார். இரு பாத்திரங்களுக்கும் இடையிலுள்ள இத்தொலைவே இரு படங்களுக்கும் இடையிலுள்ள தொலைவாகும்.

‘லியோ’வில் இது படம் முழுவதற்கும் விரிகிறது. இமாசலத்தின் தியோக்கில் காப்பிக் கடை நடத்தும் பார்த்திபனின் தொழில், ‘உண்மையில் இவன் யார்’ என்னும் வினாவை மறைக்கும் திரையாகிறது. குடும்பத் தொழிலான புகையிலை ஆலையோ போதைப்பொருளுக்கு மறைப்பு. முதற்பகுதியில் கடையும் வீடும் நுணுக்கமாகக் காட்டப்படும்வரை படம் உயிர்ப்புடன் உள்ளது. ஆலையின் கடந்தகாலத்திற்குள் நுழைந்ததும் தளர்கிறது. இரண்டாம் பகுதியின் தொய்வு குறித்து விவாதத்தில் எழுந்த குறைகளுக்கு இதுவே காரணம் எனலாம். அந்த ஆலையில் எவரும் வேலை செய்வதாகப் படம் நம்பவைப்பதில்லை. ‘கைதி’யின் நெப்போலியன் இப்படத்தில் மீண்டும் தோன்றும்போது எழுந்த ஆரவாரம், ரசிகரின் நினைவில் எது தங்கியுள்ளது என்பதைக் காட்டுகிறது.

தொழில் வேடமாவது லோகேஷின் கண்டுபிடிப்பு அன்று. ‘பாட்ஷா’ (1995) அதன் செவ்வியல் வடிவம். ஆட்டோ ஓட்டுநர் மாணிக்கம் என்பது ஒரு நிழலுலகத் தலைவனின் மறைவாழ்க்கை. எனினும் ‘பாட்ஷா’வின் முற்பகுதியில் ஓட்டுநர் வாழ்க்கை தன்னளவில் நிறைவு கொண்டது, அந்நிறைவே பின்னர் வெளிப்படும் அடையாளத்திற்கு எடை தருகிறது. ‘விக்ரம்’ ஏற்கப்பட்டதும் இக்காரணத்தால்தான். வேடங்கள் அங்கே புலனாய்வின் பொருளாக அமைந்து, பார்வையாளருக்கு அவற்றை அவிழ்க்கும் வேலையைத் தந்தன. வேடம் மட்டும் எஞ்சி, வேலையும் இல்லாது புலனாய்வும் இல்லாது போனபோது படம் சிறப்புத் தோற்றங்களைச் சார்ந்தது.

5. ‘கூலி’: சொல்லும் பொருளும்

கூலி என்னும் தமிழ்ச்சொல் செய்த வேலைக்குரிய ஊதியத்தைக் குறிக்கும். காலனியக் காலத்தில் ஆங்கில வழக்கில் அச்சொல் ஆளையே குறிப்பதாகி, இழிவுப் பொருளும் ஏற்றது. ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயரானதில் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. ஒப்பந்தத் தொழிலாளர் மிகுந்த பகுதியில் இச்சொல் இன்றும் இரு பொருளிலும் உயிர்ப்புடன் உள்ளது. நாட்கூலி எவ்வளவு என்பது கேள்வி. ‘கூலி ஆள்’ என்பது தகுதிக்குறைப்பு.

2025 ஆகத்து 14 அன்று வெளியான ‘கூலி’யில் தேவா ஒருகாலத்தில் துறைமுகக் கூலியாகவும் தொழிலாளர் தலைவராகவும் இருந்தவர், இப்போது சென்னையில் மாணவர் தங்கும் மேன்சன் நடத்துகிறார். அவருடைய கூலி எண் 1421. பேருந்து நடத்துநராகப் பணிபுரிந்த தம் தந்தையின் எண்ணே அது என லோகேஷ் கூறியுள்ளார். நடித்தவரும் ஒருகாலத்தில் நடத்துநர். இத்துணை நெருக்கமான உழைப்பு நினைவோடு தொடங்கும் படம் அந்த எண்ணை ஓர் அணிகலனாகவே பயன்படுத்துகிறது. கூலிகளின் போராட்டம் சுருக்கமான கடந்தகாலக் காட்சியாக ஒதுங்குகிறது. நிகழ்காலக் கதையில் துறைமுகத் தொழிலாளர் பெரும்பாலும் கூட்டமாகவே தெரிகின்றனர். தலைப்பு ஒருவரின் பட்டமாகிறது. கூலி உயர்வு, பணிநேரம், சங்க உரிமை என எதுவும் கதையின் முடிச்சாவதில்லை.

ரஜினிகாந்தின் முந்தைய படங்களோடு ஒப்பிட்டால் இவ்விழப்பின் அளவு புலப்படும். ‘மன்னன்’ (1992) ஆலைத் தொழிலாளியும் முதலாளியும் மோதும் கதை. ‘அண்ணாமலை’யில் (1992) பால்காரரின் தொழிலும் நிலமும் பறிபோகும் அச்சமே பகைக்கு வித்து. அப்படங்களின் பெண்பார்வையும் தீர்வுகளும் கடுமையான விமரிசனத்திற்குரியவை. ஆயினும் அவற்றில் வேலை என்பது கதையை நகர்த்தும் பொருள்.

படம் உருவாகிக்கொண்டிருந்த 2024 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் திருப்பெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கத்திற்கு ஏற்பு வேண்டி ஒரு மாதத்திற்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்கு முந்தைய ஆண்டில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டமுன்வடிவு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. திரைப்படம் செய்தித்தாளாக இருக்க வேண்டியதில்லை. எனினும், சங்கத் தலைவரை நாயகனாகக் கொண்ட ஒரு படம் சங்கம் என்னும் சொல்லின் சமகால வெப்பத்தை அறியாது கடந்துசெல்வது அதன் எழுத்துக் குறைபாடே.

எல்லைப்பகுதிப் பார்வையாளருக்கு மற்றுமோர் ஏமாற்றமும் உண்டு. கன்னட நடிகரும் இயக்குநருமான உபேந்திரா இதில் காளீஷா என்னும் பாத்திரத்தில் தோன்றுகிறார். ‘ஓம்’ (1995) என்னும் படத்தின்வழி கன்னட நிழலுலகப் படங்களுக்குப் புதுத்திசை காட்டியவர் அவர். இருமொழி அறிந்த பார்வையாளர் அவரிடம் எதிர்பார்ப்பது ஒரு மரபின் சந்திப்பை. கிடைப்பதோ சில நிமிடச் சண்டை. ரசிகர் வழக்கில் இது சிறப்புத் தோற்றம் வீணானது எனப்படுகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், உபேந்திராவுக்கு இங்கே செய்வதற்கு வேலை இல்லை.

6. எல்லைக்கு அப்பால்: சுரங்கத்தின் இரு கதைகள்

இவ்விவாதத்தில் லோகேஷுடன் அடிக்கடி ஒப்பிடப்படுபவர் கன்னட இயக்குநர் பிரசாந்த் நீல். 2022 ஏப்ரல் 13 அன்று ‘பீஸ்ட்’, மறுநாள் ‘கே.ஜி.எஃப். 2’, சூன் 3 அன்று ‘விக்ரம்’ என அடுத்தடுத்து வெளியானபோது இவ்வொப்பீடு வலுத்தது. யாருடைய காட்சியமைப்பு பெரிது, யாருடைய கதையுலகு உறுதியானது என்பதே அங்குப் பேசுபொருள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கெல்லையை ஒட்டியது கோலார் மாவட்டம். கோலார் தங்கவயல் சுரங்கங்களில் உழைத்தோருள் பெரும்பான்மையினர் வடஆர்க்காடு முதலிய தமிழ்ப்பகுதிகளிலிருந்து சென்றவர்கள். அவர்களில் மிகப் பலர் தலித்துகள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அவ்வுழைப்பாளரின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கிருந்து பெங்களூருவிற்கு நாள்தோறும் வேலைக்குச் சென்றுவருகின்றனர். ‘கே.ஜி.எஃப்.’ அவ்வூரின் பெயரையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டது. சுரங்கத்தை நாராச்சி என்னும் கற்பனை அடிமைமுகாமாக்கியது. அங்கே உழைப்பாளர் உண்டு, வரலாறு இல்லை. அவர்கள் மீட்பனுக்காகக் காத்திருக்கும் திரள். அந்த வரலாற்றின் தொடக்கத்தைத் தேடிச் சென்றது பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024).

ஆகவே, ‘யாருடைய கதையுலகு பெரிது’ என்னும் ஒப்பீடு எல்லையில் நின்று நோக்கும்போது வேறொன்றாக மாறுகிறது. ‘கே.ஜி.எஃப்.’ உழைப்பாளரைப் பின்னணியாக்கி நாயகனை உயர்த்துகிறது. ‘கைதி’ உழைப்பாளனையே நாயகனாக்கியது. ‘கூலி’யோ ‘கைதி’யின் வழியை விட்டுக் ‘கே.ஜி.எஃப்.’பின் வழியில் நடந்தது. தோல்வி என்று ரசிகர் குறிப்பிடுவதை இந்தத் திசைமாற்றமாக வாசிக்க இடமுண்டு.

7. ‘கைதி’க்குத் திரும்புதல்: கோரிக்கையும் அதன் எல்லையும்

இவ்வாசிப்பிற்கு இரு தடைகள் எழலாம். ரசிகர்கள் உழைப்பு என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை என்பது முதல் தடை. அவர்கள் பேசுவது திரைக்கதைத் தொய்வு, தேவையற்ற சிறப்புத் தோற்றம், வலுவற்ற எதிர்நாயகன் ஆகியவற்றைப் பற்றி. ஆயினும் இவ்வடிவக் குறைகள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பாத்திரத்திற்கு ஒரு வேலை இருக்கும்போது அதற்குக் காலக்கெடுவும் இடமும் தடையும் தாமாகவே அமைகின்றன. வேலை இல்லாதபோது அவ்விடத்தைப் புகழும் இசையும் நிரப்ப வேண்டியுள்ளது. ரசிகர் நோயின் அறிகுறியைச் சரியாகவே சொல்கின்றனர். பெயரிடுவது திறனாய்வின் பணி.

‘கைதி’யை மிகைபடப் போற்றும் இடர் உள்ளது என்பது இரண்டாம் தடை. இது மறுக்க இயலாதது. டில்லியின் உழைப்பு இறுதியில் காவல்துறைக்கே பயன்படுகிறது. சிறையிலிருந்து வந்தவன் தன் நேர்மையை மெய்ப்பிக்கக் காவலரைக் காப்பாற்ற வேண்டியுள்ளது. மேலும், மகள் அமுதாவைத் தவிர அவ்விரவில் பெண்களுக்கு மிகக் குறைந்த இடமே உண்டு. ஓட்டுபவன், காப்பவன், தாக்குபவன் எனப் பெரும்பாலோர் ஆண்களே.

இங்குதான் விவாதம் எழுப்பாத கேள்வி தெரிகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் புதிய மின்னணு ஆலைகளில் பணிபுரிவோருள் இளம்பெண்கள் மிகுதி. பிற மாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்வோரும் அவர்களுள் உண்டு. இரவுப்பணி முடித்து நிறுவனப் பேருந்தில் திரும்பும் பெண்ணின் இரவு லோகேஷின் கதையுலகில் எங்கும் இல்லை. ‘கூலி’யில் அதற்கு ஒரு வாய்ப்பு இருந்தது. உடல்களைத் தடயமின்றி எரிக்கும் கருவியை இயக்கத் தெரிந்தவர் என்பதால் அவ்வேலைக்குக் கட்டாயப்படுத்தப்படும் பிரீத்தி, அப்படத்தின் உண்மையான கூலி. அச்சத்தின் கீழ், தங்கைகளின் பொருட்டு, வெறுக்கும் வேலையைச் செய்பவர் அவரே. படம் அவரைக் காப்பாற்றப்பட வேண்டியவராக மட்டுமே கண்டது. டில்லியின் லாரிக்குக் கிடைத்த கவனம் பிரீத்தியின் கருவிக்குக் கிடைத்திருப்பின், அப்படம் தன் தலைப்பிற்குத் தகுதி பெற்றிருக்கும்.

ரசிகர்கள் தம் கணக்கேட்டில் நிலுவை என்று குறித்துவைத்திருப்பவை டில்லியும் ரோலக்ஸும். பிரீத்தியும் பெயரற்ற துறைமுகக் கூலிகளும் அக்கணக்கில் ஏறவே இல்லை. கதையுலகைத் தொகுத்துப் பாதுகாக்கும் ரசிகரின் கூர்மை இவர்களையும் எட்டுமாயின், ‘அடுத்த படம் எது’ என்னும் கேள்வி ‘அடுத்த படம் யாருடையது’ என்று விரியும்.

முடிவுரை

லோகேஷ் கனகராஜின் திரைவாழ்க்கை குறித்த ரசிகர் விவாதம் தமிழில் இயக்குநர் மைய ரசிகத்தன்மை வலுப்பெற்றதைக் காட்டுகிறது. அதன் மையக் கோரிக்கையான ‘கைதி’க்குத் திரும்புதல், ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற தொழிற்பகுதியிலிருந்து வாசிக்கப்படும்போது உழைப்பின் திரைத்தகுதி பற்றிய தீர்ப்பாகப் பொருள்படுகிறது. ‘மாநகரம்’, ‘கைதி’ ஆகியவற்றில் வேலை நிகழ்ச்சியாகவும், ‘விக்ரம்’, ‘லியோ’ ஆகியவற்றில் வேடமாகவும், ‘கூலி’யில் பட்டமாகவும் அமைந்தமை பனுவல் சான்றுகளால் விளக்கப்பட்டது. ‘கே.ஜி.எஃப்.’ படங்களுடனான ஒப்பீடு, உழைப்பாளரை மையத்தில் வைக்கும் சண்டைப்படத்திற்கும் பின்னணியில் வைக்கும் சண்டைப்படத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கியது.

‘கைதி’யின் இரண்டாம் பாகம் வருவது மட்டும் இவ்விவாதத்தைத் தீர்த்துவிடாது. பழைய லாரியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவருவது எளிது. அதில் யார் ஏறுகிறார், எந்தச் சுமையை ஏற்றுகிறார், அதற்கு அவருக்கு என்ன கூலி என்பவற்றைப் புதிதாக எழுதுவதே கடினம். எல்லைத் தொழிற்பகுதிப் பெண்தொழிலாளர் இப்படங்களை எவ்வாறு காண்கின்றனர் என்பது குறித்த களஆய்வு இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்கது.